கிண்ணத்தில் கவிதை வெட்டிய பேரரசர்

நான் வேலை செய்யும் அருங்காட்சியகத்தில் ஒரு கிண்ணம் இருக்கிறது. இரண்டு கைகளையும் குவித்தால் அதற்குள் அடங்கிவிடும். அதன் நிறம் நீலமா பச்சையா என்று பதினொரு வருடமாக எனக்குள் வழக்கு நடக்கிறது. இன்னும் தீர்ப்பு வரவில்லை. சீனாவில் ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு குயவர் செய்தது. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கிண்ணம் தன்பாட்டில் அழகாக இருந்தது. பிறகு ஒரு பேரரசரின் கையில் அகப்பட்டது. அவர் ஆள் வைத்து அதன் அடியில் தன் கவிதை ஒன்றை வெட்டுவித்தார்.

வெட்டுவித்தார் என்று நான் சும்மா எழுதவில்லை. எங்கள் ஊரில் கலியாணத்துக்குக் கொடுக்கும் சில்வர் சட்டியில் "இன்னார் அன்பளிப்பு" என்று பெயர் வெட்டுவார்களே, அதே வேலைதான். சட்டியை நாங்கள் காசு கொடுத்து வாங்கி வெட்டினோம். இந்த மனிதர் அடுத்தவன் செய்த கிண்ணத்தில் வெட்டினார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

அந்தப் பேரரசரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தன் பெயரை அவரே போதுமான இடங்களில் குத்திவிட்டுப் போயிருக்கிறார். என் பங்குக்கும் எதற்கு? பதினெட்டாம் நூற்றாண்டில் சீனாவை அறுபது ஆண்டுகள் ஆண்டவர் என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வேறு எவருடைய பெயரும் இதில் வராது, என்னுடையது உட்பட. என் பெயர் வரக்கூடாத ஓர் இடத்தில் ஒருமுறை வந்துவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

என் வேலைக்குக் கடதாசியில் காட்சிக்கூட உதவியாளர் என்று பெயர். லண்டனில் நாங்கள் இருக்கும் ஈஸ்ட் ஹாமில் என்னைத் தெரிந்தவர்கள் செக்யூரிட்டி என்பார்கள். ஒரு நாற்காலி, ஒரு வோக்கி டோக்கி, ஒரு கறுப்புக் கோட்டு. காலையில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறி வந்து, பத்து மணிக்குக் கதவு திறந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தால், வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கழிப்பறை எங்கே இருக்கிறது? பதினொரு வருடத்தில் ஒரு கிண்ணத்தைப் பற்றி, ஒரு சாடியைப் பற்றி ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வழிகாட்டிகள் கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கூட்டிவந்து அதே பேச்சைப் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் நான்தானே. அவர்கள் எங்கே மூச்சு விடுவார்கள் என்பதுவரை எனக்குப் பாடம்.

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் பேரரசர் மேல் எனக்கு இளக்காரம் வளர்ந்தது. ஓர் ஓவியம் கையில் கிடைத்தால் அவருக்குச் சும்மா பார்க்கத் தெரியாது. பார்த்தேன் என்பதற்கு ஒரு சிவப்பு முத்திரை, மறுபடி பார்த்தேன் என்பதற்கு இன்னொன்று, கிழவனான பிறகும் பார்த்தேன் என்பதற்கு வேறொன்று. ஓவியன் பனிமூட்டத்துக்காக வெறுமையாக விட்ட இடத்தை இவர் தனக்காக விட்ட இடம் என்று நினைத்துக்கொண்டார். அவர் பெயரில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கவிதைகள் இருக்கின்றன என்கிறார்கள். அதில் ஒன்றையாவது மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒரு சீனரை நான் இன்னும் சந்திக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வந்த சீன ஆசிரியை ஒருவரிடம் நானே கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு, பேரரசரிடம் நல்ல சமையற்காரர்கள் இருந்தார்கள் என்றார்.

போர்களிலும் அதே கதைதான். பத்துப் பெரிய வெற்றிகள் பெற்ற கிழவர் என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டார். தோற்று ஓடிவந்ததும் அந்தப் பத்துக்குள் அடக்கம். பாட்டனாரின் ஆட்சிக் காலத்தை மிஞ்சுவது மரியாதையில்லை என்று அறுபதாம் ஆண்டில் பதவியைத் துறந்தார். துறந்து மகனை முன்னால் உட்கார வைத்துவிட்டு, சாகும்வரை பின்னாலிருந்து தானே ஆண்டார்.

இங்கிலாந்துக்காரர்களுக்கு அவர் மேல் வேறொரு மனக்குறை. இவர்களுடைய மன்னர் கடிகாரமும் கருவிகளும் கொடுத்து ஒரு தூதுக்குழுவை அனுப்ப, உங்கள் சாமான் எதுவும் எங்களுக்குத் தேவையில்லை என்று திருப்பி அனுப்பினார். அந்த இடத்துக்கு வந்ததும் வழிகாட்டியின் குரலில் இன்றைக்கும் ஒரு சின்னக் காயம் தெரியும். இரண்டு தலைமுறை கழித்து இங்கிலாந்துப் படையும் பிரெஞ்சுப் படையும் போய் அவர் பார்த்துப் பார்த்துப் பெருப்பித்த அரண்மனைத் தோட்டத்தைக் கொள்ளையடித்து எரித்தன. அதைச் சொல்லும்போது குரலில் காயம் இராது. சாமான்கள் "ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தன" என்று முடித்துவிடுவார்கள், தாமே கப்பல் பிடித்து வந்ததுபோல.

இதையெல்லாம் நான் கொட்டுகிற இடம் என் கணவர். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளவயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்தவர், அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பவர். பக்கம் பக்கமாக ஊரார் எழுதியதையெல்லாம் அவர் திருத்தி அழகாக்கினார். பெயர் போட்டுக்கொண்டவர்கள் எழுதியவர்கள். லண்டனுக்கு வந்தபின் பெட்ரோல் ஷெட், பிறகு இருபத்துமூன்று வருடம் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் களஞ்சியம். முழங்கால் இரண்டும் போனபிறகு வீட்டில் இருக்கிறார். ஹை ஸ்ட்ரீட் நோர்த் கடைத்தெருவின் தமிழ் விளம்பரப் பலகைகளைப் படித்துத் தனக்குள் முனகுவதைத் தவிர, தமிழோடு அவருக்கு வேறு தொழில் இருக்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் அருங்காட்சியகத்தில் ஒரு யோசனை பிறந்தது. எங்கள் அறையின் பொருட்களைப் பற்றி, ஊழியர்கள் பேசும் மொழிகளில் சின்னச் சின்னக் கைந்நூல்கள் போடலாம் என்றார்கள். எட்டுப் பக்கம், அந்தப் பேரரசர், அவர் சேர்த்தவை, அவர் விட்டுப்போனவை. காட்சிக்கூடப் பொறுப்பாளரான இளம்பெண் ஒருத்தி என் நாற்காலிக்கு வந்து, உங்களால் தமிழில் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். கழிப்பறையைத் தவிர வேறு எதையோ என்னிடம் கேட்ட முதல் ஆள். அவள் கேள்வியை முடிக்கும் முன்பே நான் முடியும் என்றேன்.

எனக்குப் பேச முடியும். எழுத முடியாது. இரண்டு இரவு முயன்று பார்த்தேன். நான் எழுதியது வீட்டு வாடகை ஒப்பந்தம் போல வந்தது. மூன்றாம் நாள் தாள்களை என் கணவர் முன்னால் வைத்தேன்.

"நீங்கள் எழுதுங்கோ. உங்களுக்குத்தான் இது வரும்."

"நான் பிழை பாக்கிறவன். எழுதினவன் இல்லை."

"இவ்வளவு காலமும் மற்றவன்ர பிழையைப் பாத்தீங்கள். இப்ப உங்கட பிழையைப் பாருங்கோ."

சிரித்தார். பிறகு நூலகத்துக்குப் போய்ப் புத்தகங்கள் எடுத்துவந்தார். அன்று தொடங்கி இரண்டு மாதம் நாங்கள் சமைத்துச் சாப்பிடும் குசினி மேசை அவருடையது. நான் சோறு போட்ட கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டேன். ஒரு வசனத்தை எழுதி, வாய்விட்டுப் படித்து, நாலு சொல்லை மூன்றாக்கி, மறுநாள் காலை அந்த மூன்றில் ஒன்றை மாற்றுவார். இடையில் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கிண்ணத்தின்ர விளிம்பு எப்பிடி இருக்கும்?" என்று கேட்பார். நான் விளிம்பைச் சொல்வேன். எங்கள் கலியாண வாழ்க்கையில் நாங்கள் அதிகம் கதைத்தது அந்த இரண்டு மாதத்தில்தான். என் வேலையில் இத்தனை விசயம் இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது. அவருக்குள் இவ்வளவு தமிழ் இருக்கிறது என்று எனக்கும்.

அவருக்கு மிகவும் பிடித்தது சுருள் ஓவியக் கதை. மலையும் ஆறுமாக நீளுகிற பழைய ஓவியம் ஒன்று. அதைப் பார்த்து யாரோ வரைந்த போலி முதலில் பேரரசரிடம் வந்தது. அதையே அசல் என்று நம்பி, வானம், தண்ணீர், மரத்தின் இடுக்கு என்று ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் தன் புகழுரையை எழுதித் தள்ளினார். அடுத்த வருடம் அசல் வந்து சேர்ந்தது. பேரரசர் வாய் தவறலாமா? அசலைப் போலி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். போலிதானே என்று அதில் அதிகம் எழுதவும் இல்லை. அதனால் அந்த ஓவியம் தப்பியது.

"உவருக்குப் பக்கத்தில ஒரு ஒப்புநோக்குநர் இருந்திருக்க வேணும்" என்றார் என் கணவர், கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்து.

"இருந்திருந்தால் ஆளின்ர தலை போயிருக்கும்."

அவர் எழுதவேண்டிய அடுத்த பந்தியில் சிரிப்பு நின்றது. பேரரசர் நாட்டிலிருந்த நூல்களையெல்லாம் ஒரே தொகுதியாகத் திரட்டினார். ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து கையால் பிரதி எடுத்தார்கள். அதே கையோடு தன் வம்சத்துக்குப் பிடிக்காத நூல்களைத் தேடிப் பிடித்து எரித்தார். எங்கள் யாழ்ப்பாணத்தில் நூலகம் எரிக்கப்பட்டபோது என் கணவர் பத்திரிகையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தப் பந்தியை மூன்று நாள் அவர் தொடவில்லை. பிறகு ஒரே வசனத்தில் முடித்தார். இன்னும் கொஞ்சம் எழுதலாமே என்றேன்.

"எரிச்சார் எண்டால் காணும். அதுக்கு மேல ஒண்டும் தேவையில்லை."

அந்த நூல் தொகுதியைப் பற்றி அவர் இன்னொன்றும் கண்டுபிடித்தார். ஒவ்வொரு நூலிலும் அதைப் பிரதி எடுத்தவரின் பெயரும் ஒப்புநோக்கியவரின் பெயரும் எழுதப்பட்டிருக்குமாம். பெருமைக்கல்ல, பிழை வந்தால் ஆளைப் பிடித்துத் தண்டிக்க. நான் வழக்கம்போல் பேரரசரைத் திட்டினேன். அவர் திட்டவில்லை.

"என்னத்துக்கெண்டாலும் பேர் இருந்திருக்கு, பாரும்" என்றார். கொஞ்ச நேரம் பேனையின் மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "உதில பேர் போடுவினமே?"

"கட்டாயம் போடுவினம்" என்றேன்.

"சும்மா கேட்டனான். போடாட்டியும் பரவாயில்லை."

பரவாயில்லை என்று அவர் சொன்ன விதத்தில் எவ்வளவு பரவாயில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அறுபது தாண்டிய மனிதர். தன் பெயரை அச்சில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கனடாவில் இருக்கும் தன் அக்காவிடம் தொலைபேசியில், "ஒரு அலுவல் செய்யிறன், முடிஞ்சாப்பிறகு சொல்லுறன்" என்று அவர் ரகசியக் குரலில் சொன்னதையும் நான் கேட்டேன்.

கைந்நூல் விசயம் எப்படியோ எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரின் காதுக்குப் போனது. தலைவர் என்று சொல்லக்கூடாது. இருபது வருடம் தலைவராக இருந்தபின், இளையவர்களுக்கு வழிவிடுகிறேன் என்று கண்கலங்கப் பேசி விலகி, இப்போது பெரும்போசகர், அதாவது புரவலர். புதிய தலைவர் ஒலிவாங்கியைத் தொடுவதற்குக்கூட இவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்களில் யாராவது செத்தால் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் அடிப்பார்கள் அல்லவா? கடந்த கால்நூற்றாண்டில் கிழக்கு லண்டனில் வந்த ஒரு நினைவு மலரும் இவருடைய படமும் இரங்கல் வெண்பாவும் இல்லாமல் வந்ததில்லை. சில மலர்களில் செத்தவரின் படத்தைவிட இவருடைய படம் பெரிது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர் அடுத்தவன் செத்த வீட்டில் பிடிப்பவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையில் பென்டிரைவ். அதற்குள் அவருடைய மூன்று படங்கள், நாங்கள் தெரிவு செய்ய வசதியாக.

"தங்கச்சி, ஒரு தமிழ்ப் புத்தகம் வாழ்த்துரை இல்லாமல் வெளியில வரலாமே? ஊர் என்ன சொல்லும்?"

"எட்டுப் பக்கம்தான் அண்ணை. அதுவும் சீன ராசாவைப் பற்றினது."

"எனக்கு ஒண்டரைப் பக்கம் காணும்."

வாழ்த்துரை தயாராகவே இருந்தது, படித்தும் காட்டினார். பேரரசர் ஒரு வசனத்தில் வந்து போனார். மீதியில் சங்கத்தின் வெள்ளிவிழா, கோயில் திருப்பணி, மேயரோடு தேநீர். முடிவில் அறுசீர் விருத்தம் ஒன்று. சீர் ஐந்தில் தட்டியது. என் கணவர் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மூலைக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் சீரில் மட்டும் அவர் புருவம் அசைந்தது.

"நீங்கள் இப்ப என்ன செய்யிறியள்?" என்று பெரும்போசகர் அவரைக் கேட்டார்.

அவர் வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். "இவரும் எனக்கு உதவி செய்யிறவர்."

என் கணவர் கோப்பைக்குள் பார்த்தார். அந்தச் சொல் என் வாயிலிருந்து ஏன் அப்படி வந்தது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. பெரும்போசகரை அடிக்கும் மும்முரத்தில் இருந்தேன். எழுந்து நின்று நன்றாகவே சொன்னேன்:

"அண்ணை, செய்த ஆளின்ர பேர்தான் அதில போகும். செய்யாத ஆளின்ர பேரும் போகாது, படமும் போகாது. உந்தப் பழக்கத்தை அந்தப் பேரரசரோட விடுவம்."

அவர் தேத்தண்ணீரைக் குடிக்காமல் போனார். கதவைச் சாத்தியபின் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது, ஒரு பெரிய நியாயத்தை நிலைநாட்டியவள் மாதிரி. என் கணவர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, "நல்லாக் குடுத்தீர்" என்றார். அவருக்கும் சந்தோசம். செய்த ஆளின் பெயர் போகும் என்று அவர் காது கேட்கச் சொல்லிவிட்டேன் அல்லவா?

ஊருக்குத்தான் உபதேசம். அடுத்த வாரம் அந்த இளம்பெண் கையில் தன் கணினிப் பலகையோடு என் நாற்காலிக்கு வந்தாள். கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதியவர் என்று ஒரு வரி வரும், ஒரு பெயருக்குத்தான் இடம், என்றாள். "நீங்கள்தானே?" என்றாள்.

இல்லை என்று சொல்ல ஒரு கணம் போதும். என் கணவர் என்று சொல்ல இன்னொரு கணம். அவள் பின்னால் மூன்று வழிகாட்டிகள் நின்றார்கள். எட்டு வருடமாக என்னைச் சுவரோடு சேர்த்துப் பார்த்தவர்கள். அவர்கள் முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி, எங்களுக்குத் தெரியாமல் இங்கே ஓர் எழுத்தாளர் இருந்திருக்கிறார் என்றாள். நான் ஆம் என்றேன். என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு நான் சொன்ன காரணங்கள் அழகானவை. ஊழியர்களின் பெயர்தான் போடலாம். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானே வைத்த விதி. விளிம்பைச் சொன்னதும் நிறத்தைச் சொன்னதும் நான். அது உண்மை, ஆனால் அதற்குப் பெயர் எழுத்து அல்ல. புருசன் பெண்சாதிக்குள் உன் பெயர் என்ன, என் பெயர் என்ன என்பது மற்றொன்று. அது என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடுவதற்கும் பொருந்தும் காரணம். அந்தத் திசையில் மட்டும் அது எனக்குத் தோன்றவில்லை.

அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க மின்னஞ்சலில் பக்கங்கள் வந்தன. மாற்றுவதற்கு ஒரு கிழமை தவணை. நான் ஏழு பக்கங்களை அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். எட்டாவதைக் கொடுக்கவில்லை.

"கடைசிப் பக்கம் எங்க?"

"அதில எழுத்து ஒண்டும் இல்லை. படம் மட்டும்தான்."

கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் எந்த ஒப்புநோக்குநரும் கையெழுத்துப் போடமாட்டார் என்று எனக்கு முப்பது வருடமாகச் சொன்னவர் அவர். ஆனால் சொன்னது நான் என்பதால் நம்பினார். ஏழு பக்கத்திலுமாக இரண்டு பிழை கண்டுபிடித்தார். இரண்டையும் நான் ஒழுங்காக எழுதி அனுப்பினேன். அந்தக் கடிதத்திலேயே மூன்றாவது திருத்தத்தையும் சேர்க்க ஒரு வரி போதும். சேர்க்கவில்லை. பேரரசர் தன் பிரதிக்காரர்களைத் தண்டிக்கவாவது அவர்களின் பெயரை எழுதி வைத்தார். நான் அதற்கும் கீழே போனேன்.

கைந்நூல் வந்தது. நல்ல தாள், அழகான எழுத்து, முன்பக்கத்தில் கிண்ணம். ஒரு பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். அன்றைக்கு டிஸ்ட்ரிக்ட் லைன் எங்காவது நின்று கெட்டுப்போகட்டும் என்று நேர்ந்துகொண்டேன். கெட்டுப்போக வேண்டிய நாளில் அது நேரத்துக்கு ஓடும்.

அவர் கை கழுவித் துடைத்துவிட்டு வாங்கினார். நின்றபடியே படிக்கத் தொடங்கிப் பிறகு உட்கார்ந்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். சுருள் ஓவியத்தில் சிரித்தார். எட்டாம் பக்கத்துக்கு வந்தார். அங்கே கண்ணாடியில் தெரியும் கிண்ணத்தின் அடியும், அதில் வெட்டிய கவிதையும், பக்கத்தின் அடியில் தமிழில் எழுதியவர் என்று போட்டு என் பெயரும் இருந்தன. நான் குசினி வாசலில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றேன். அவர் கத்த வேண்டும் என்று விரும்பினேன். கத்தினால் நானும் கத்துவேன். என் காரணங்கள் எல்லாம் வாயில் தயாராக இருந்தன.

"எழுத்து வடிவாய் வந்திருக்கு" என்றார். பிறகு, "இன்னும் ரெண்டு மூண்டு கொண்டு வாரும். அக்காவுக்கும் ஒண்டு அனுப்ப வேணும்" என்றார்.

அவ்வளவுதான். அன்றிரவு நான் வைத்த சோற்றை முழுதாகச் சாப்பிட்டார். மறுநாள் குசினி மேசையில் இருந்த புத்தகங்களை நூலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மேசை காலியானது. நான் மறுபடியும் மேசையில் வைத்துச் சாப்பிடத் தொடங்கினேன்.

பெரும்போசகர் கோயிலில் என்னைக் கண்டு, "தங்கச்சி, கடைசியில உம்மட பேரை அடிச்சிட்டீர், கெட்டிக்காரி" என்றார். அவருடைய கண்ணில் முதல்தடவையாக எனக்கு ஒரு மரியாதை தெரிந்தது. தன் இனத்தைச் சேர்ந்த ஒருத்தியைக் கண்டுகொண்ட மரியாதை. அதுபோல ஒரு அவமானத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை.

மூன்று கிழமை கழித்து என் கணவரின் அக்கா கனடாவிலிருந்து போன் எடுத்தார். நான் உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்ததால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். என் கணவர் எதிரே உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சாள், புத்தகம் வந்தது. நீர் இப்பிடி எழுதுவீர் எண்டு எங்களுக்கு ஒருத்தருக்கும் தெரியாது. நான் ரெண்டுதரம் வாசிச்சிட்டன். அந்த எரிச்ச இடத்தில, ஒரே வசனம், எனக்கு அழுகை வந்திட்டுது."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அவர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. விடும் என்பதுபோலக் கையை மெல்ல அசைத்தார். அக்காவுக்கு முன்னால் என் மானம் போகக்கூடாது என்று அந்தக் கை சொன்னது.

"தம்பி ஏதோ அலுவல் செய்யிறன் எண்டு சொன்னவன், பிறகு அந்தக் கதையையே காணேல்லை" என்று அக்கா சிரித்தார். "அவன் அந்தக் காலத்தில பேப்பரில வேலை செய்தவனெல்லே. உமக்கு ஒரு சொல்லாவது திருத்தித் தந்தவனோ?"

மேசைக்கு அந்தப் பக்கம் அவர் இருந்தார். இந்தப் பக்கம் நான். போன் நடுவில் திறந்து கிடந்தது. சொல்ல வேண்டிய வசனம் நாலே சொல்.

"ஓம் மச்சாள்" என்றேன். "பிழை பாத்துத் தந்தவர்."